கிளினிக் நாளும் கடன் நாளும் ஒன்றானபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

கொழும்பு மாவட்டம் என்றால் கோட்டையும் புறக்கோட்டையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஹைலெவல் வீதியில் 122 பஸ் ஏறி, ஹோமாகமையையும் தாண்டி மொத்தம் இரண்டு மணித்தியாலமளவு போனால், அதே மாவட்டத்தில் இறப்பர்த் தோட்டங்களும் லயங்களும் (தொழிலாளரின் வரிசை வீடுகளும்) இருக்கின்றன. இந்த ஆய்வு அவிசாவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. நான் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் களப்பணி இணைப்பாளராக இருக்கிறேன். மனநோய் உள்ளவர்களின் சிகிச்சையையும் குடும்பத்தின் பிழைப்பையும் சேர்த்துப் பார்ப்பது எங்கள் வேலை.

ஆட்கள், தோட்டம், கடை, மருத்துவமனை எதற்கும் பெயர் சொல்லவில்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தாயும் மகனும் சம்மதித்த பிறகே எழுதினேன். முதல் வரைவை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். மகன் ஓர் இடத்தில் என்னைத் திருத்தினார். அது எங்கே என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பின்னணி

வீட்டில் மூன்று பேர். தாய்க்கு 54 வயது, தோட்டத்தில் இறப்பர்ப் பால் வெட்டுபவர். தகப்பன் இறந்து பல வருடங்களாகிவிட்டன. மகள் சீதாவக்கை ஏற்றுமதி வலயத்தில் தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மகன் மூத்தவர், நாங்கள் சந்தித்தபோது 29 வயது. 22 வயதில் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவில் மொத்த வியாபாரக் கடையொன்றில் மூட்டை கட்டும் வேலையில் சேர்ந்தார். பிறகு பில் எழுதுமளவுக்கு உயர்ந்தார். கடைக்கு மேல் மாடியில் ஆறு பேரோடு படுக்கை. மாதாமாதம் வீட்டுக்குக் காசு அனுப்பினார்.

2022இல் பொருளாதார நெருக்கடியில் நாடு இருந்த நிலை தெரிந்ததுதான். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. கடையில் சரக்கு குறைந்தது, ஆட்களைக் குறைப்பார்கள் என்ற பேச்சு வந்தது. அவருக்கு நித்திரை போனது. முதலாளி தன்னைக் கள்ளன் என்று பேசுவது சுவருக்குள்ளிருந்து கேட்பதாகக் கூடப் படுத்தவர்களிடம் சொன்னார். ஒரு நாள் எடை போட்ட மூட்டைகளை எல்லாம் அவிழ்த்துத் திரும்ப எண்ணத் தொடங்கினார். அந்தக் கிழமையே ஒரு பையைக் கையில் கொடுத்து ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள்.

ஊரில் காத்து கருப்பு என்றார்கள். பூசாரி மந்திரித்துக் கயிறு கட்டினார். சேவல் பலி, பரிகாரப் பூசை, பிறகு கொழும்பில் ஒரு தனியார் டொக்டரிடம் ஒரே ஒரு தடவை சனல் செய்து (காசு கட்டி நேரம் பதிந்து) பார்த்தது என்று ஐந்து மாதம் ஓடியது. இந்தச் செலவுக்காக எடுத்த கடன் என்ன பாடு படுத்தியது என்பது எங்களுக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்ததால் வெளியே யாரிடமும் வாய் திறக்கவில்லை.

முதல் சந்திப்பு: 2023 பெப்ரவரி

கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் வாசலில் இரண்டு நாளாக ஒருவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று பழைய கடைத் தோழர் ஒருவர் எங்கள் ஒஃபிசுக்கு வந்து சொன்னார். நாங்கள் போனபோது தன் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பெயர் கேட்டதும் சொன்னார். தாயின் தொலைபேசி இலக்கத்தையும் தடுமாறாமல் சொன்னார்.

எங்கள் பதிவில் “வீட்டை விட்டு வெளியேறி நோக்கமின்றி அலைந்தார்” என்று எழுதினோம். அவர் திருத்தியது இதைத்தான். “அலையல மிஸ். ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி இருந்துச்சி. அதைக் கேக்கத்தான் போனேன். கடையில உள்ள விடல.” இரண்டு வருடமாக ஃபைலில் நோயின் அறிகுறியாகக் கிடந்த ஒரு வரி இப்படி வேறாக மாறிவிட்டது.

கொழும்பில் அரச மருத்துவமனையொன்றில் 19 நாள் வைத்திருந்தார்கள். மனச்சிதைவு நோய் என்று கண்டார்கள். ரிஸ்பெரிடோன் மாத்திரையும் மாத ஊசியும் தொடங்கி, ஊருக்குக் கிட்டவுள்ள அரச மருத்துவமனையின் புதன்கிழமைக் கிளினிக்குக்குத் துண்டு எழுதி அனுப்பினார்கள். மருந்து இலவசம். அந்த அளவில் எங்கள் வேலை முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

“வரவில்லை”: ஏப்ரல் முதல் ஜூலை வரை

ஏப்ரலில் வந்தார். மே வரவில்லை. ஜூன் வரவில்லை. ஜூலையில் தாய் மட்டும் வந்து மாத்திரை வாங்கிப் போனார். தொலைபேசியில் கேட்டால் “நல்லா இருக்கான் மிஸ், மழை மிஸ்” என்ற பதில். அந்தப் பக்கம் மே, ஜூனில் அடை மழை என்பதால் நாங்களும் நம்பிவிட்டோம். “குடும்பத்தின் ஒத்துழைப்புப் போதாது” என்று என் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு இருக்கிறது.

ஓகஸ்டில்தான் நேரில் போனேன்.

வீட்டில் கண்டவை

இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) உட்கார்ந்து பேசினோம். மகன் தெளிவாகத்தான் இருந்தார், ஆனால் கை விறைத்திருந்தது. தேநீர்க் கோப்பையைப் பிடித்தபோது தட்டில் கடகடவென்று சத்தம் வந்தது. ஊருக்கு வந்ததிலிருந்து தாயோடு மலைக்குப் போய்ப் பால் வெட்ட உதவி செய்திருக்கிறார். இறப்பர் மரத்தில் பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழப் போனால் மரம் காயப்பட்டு, அந்த இடம் முண்டும் முடிச்சுமாக ஆறும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. இவர் கை நடுங்கியதில் ஏழெட்டு மரம் காயப்பட்டு, கங்காணி தாயைப் பிடித்து ஏசியிருக்கிறார். அன்றிலிருந்து மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கத் தொடங்கினார் தாய். அவர் சொன்னது இது: “மாத்திரை போட்டா கை ஆடுது, போடலேன்னா காது பேசுது. கை ஆடினா வேலை இல்ல மிஸ்.”

இதை ஏன் கிளினிக்கில் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னாராம். அந்தக் கிளினிக்கில் தமிழ் தெரிந்த டொக்டர் இல்லை. அரைகுறைத் தமிழ் தெரிந்த ஓர் ஊழியர், அது அவருடைய வேலையே இல்லாவிட்டாலும், உதவிக்கு வந்து மொழிபெயர்ப்பார். “கை வரமாட்டேங்குது” என்று மகன் சொன்னது “கை வலிக்கிறது” என்று போயிருக்கிறது. கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். ஏப்ரல் மாதப் பக்கத்தில் பெரசிட்டமோல் எழுதியிருந்தது.

அடுத்தது புதன்கிழமை. ஏன் வருவதில்லை என்ற கேள்விக்கு மழை, பஸ், வேலை என்று பல பதில் வந்தன. ஒன்றும் முழுதாகப் பொருந்தவில்லை. மகள்தான் கடைசியில் சொன்னார்: “புதன்கிழமை லோன்காரர் வருவார் மிஸ்.”

பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கும் கடனில் ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அதனால் கூட்டத்துக்கு நேரில் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் மற்றப் பெண்கள் வீட்டு வாசலுக்கே வந்து சத்தம் போடுவார்கள். தாயிடம் அப்படி மூன்று கடன் இருந்தன. நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். கிழமைக்கு 1,850, 1,200, 950. கூட்டினால் 4,000. மாதத்துக்கு 16,000. மழையில்லாத மாதத்தில்கூட அவர் கையில் கிடைப்பது இருபதாயிரத்துக்கு உள்ளேதான். தோட்டத்து நாட்சம்பளம் 2021இலிருந்து அப்போதுவரை 1,000 ரூபாய். பால் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும், மழை நாளில் அதுவுமில்லை. வட்டி எத்தனை வீதம் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கிழமைத் தொகை மட்டும் ஒரு சதம் பிசகாமல் தெரிந்திருந்தது.

ஆக, இலவசக் கிளினிக் நாளொன்றுக்கு இந்தக் குடும்பம் கொடுக்கும் விலை: இரண்டு பேருக்கு பஸ் காசு, ஒரு நாள் பேர், லோன் கூட்டத்தில் ஏச்சு.

நிவாரணமும் இல்லை. அரசின் நிவாரணத் திட்டமான அஸ்வெசுமவுக்கு விண்ணப்பம் நிரப்பிய நேரத்தில் மகன் கொழும்பில் உழைப்பவராகக் கணக்கில் இருந்தார். 2023 ஜூலையில் திட்டம் தொடங்கியபோது பட்டியலில் பெயர் வரவில்லை. மேன்முறையீடு செய்யலாம் என்ற விஷயமே தாமதமாகத்தான் காதில் விழுந்தது. லயங்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாததால் கடிதமெல்லாம் தோட்டத்து ஒஃபிசுக்கு வந்து அங்கிருந்துதான் பிரியும்.

எடுத்த முடிவுகள், ஏன்

மருந்தை முதலில் சரி செய்தோம். செப்டெம்பர்க் கிளினிக்குக்கு நானே கூடப் போய் மொழிபெயர்த்தேன். என்ன வேலை, எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும், கத்தி எப்படிப் பிடிப்பது என்பது வரை டொக்டரிடம் சொன்னோம். அவர் அக்கறையாகக் கேட்டார். மரத்தில் வெட்டு எவ்வளவு ஆழம் போகும் என்றுகூடக் கேட்டார். ஊசியை நிறுத்தி ஒலன்சபின் என்ற வேறு மருந்துக்கு மாற்றினார். அது தூக்கத்தைக் கொண்டுவரும். பால் வெட்டுகிறவர் விடியுமுன் எழும்ப வேண்டும், ஏனென்றால் பால் நன்றாக ஓடுவது குளிர்ச்சியான அதிகாலையில்தான். அதனால் படுக்கப் போகும்போது போடாமல் இரவு ஏழு மணிக்கே போடச் சொன்னார். பக்க விளைவு தெரிந்தபின் செய்யும் சாதாரண மாற்றம்தான் இது. ஆனால் நோயாளியின் தொழில் என்னவென்று தெரியாமல் அந்த நேரக் கணக்கை யாரும் போட்டிருக்க முடியாது.

புதன்கிழமைச் சிக்கலுக்கு இரண்டு வழி இருந்தன. கிளினிக் நாளை மாற்ற முடியாது. மருந்தை ஒரு மாதத்துக்குப் பதிலாக இரண்டு மாதத்துக்குத் தர டொக்டர் சம்மதித்தார். கிளினிக் விழும் புதனில் தாயின் தவணையைக் குழுத்தலைவி கையில் முதல் நாளே கொடுத்துவிடலாம். ஆனால் அதற்குக் குழுத்தலைவியிடம் காரணம் சொல்ல வேண்டும். இரகசியம் காப்பது எங்கள் முதல் விதி. தாயிடமும் மகனிடமும் தனித்தனியே கேட்டு, இருவரும் சரி என்ற பிறகே போனோம். குழுத்தலைவி சிரித்துவிட்டார்: “இந்த லயத்துல தெரியாதவங்க யாரு மிஸ்? நீங்கதான் இப்ப தெரிஞ்சிக்கிட்டீங்க.”

மேன்முறையீட்டுக்கு ஜீ.எஸ். (கிராம சேவகர்) கையெழுத்து, மருத்துவச் சான்றிதழ், பிரதேச செயலகம் என்று நான்கு தடவை அலைந்தோம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலைய ஓர் ஆள் வேண்டும், சிங்களம் தெரிய வேண்டும், பொறுமை வேண்டும்.

அப்புறம் தொழில் உதவி. இங்கேதான் பிழைவிட்டோம்.

டிசம்பர் 2023: பிழையாய்ப் போன உதவி

சிகிச்சையையும் பிழைப்பையும் சேர்த்துப் பார்ப்பது புதிய யோசனையல்ல. 2000ஆம் ஆண்டில் கிறிஸ் அண்டர்ஹில் தொடங்கிய பேசிக்நீட்ஸ் அமைப்பு இதையே தன் வழியாக வைத்திருந்தது. இலங்கையிலும் வேலை செய்தது. 2011இல் லான்செட் மருத்துவ இதழில் க்ரிக் லண்டும் கூட்டாளிகளும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். மனநோய்க்குச் சிகிச்சை கொடுத்தால் குடும்பத்தின் பொருளாதாரம் தேறுவதை அதில் ஓரளவு தெளிவாகக் காணலாம். வறுமைத் திட்டங்கள் மனநலத்தைத் தேற்றுகின்றனவா என்பதில் விடை அவ்வளவு தெளிவில்லை. குறிப்பாகக் கடன் கொடுக்கும் திட்டங்களில். எங்கள் அலுவலகத்தில் இதை எல்லாரும் வாசித்திருந்தோம். வாசித்தும் என்ன, வீட்டில் ஏற்கனவே மூன்று கடன் இருக்கும்போது மேலே காசு போட்டால் அது எங்கே ஓடும் என்று யோசிக்கவில்லை.

மகன் தேறி வந்தார். கடை அனுபவம் உண்டு. லயத்து முகப்பில் வடை, தேநீர், சில்லறைச் சாமான் விற்கலாம் என்று திட்டம் போட்டு 35,000 ரூபாய் கொடுத்தோம். திருப்பித் தரவேண்டாத காசு. படம் எடுத்து அறிக்கையிலும் போட்டோம்.

ஜனவரியில் போனபோது ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு காஸ் அடுப்பும் இருந்தன, சாமான் இல்லை. மீதிக் காசு மூன்று கடனின் நிலுவைத் தவணைகளுக்குப் போயிருந்தது. தாய் எதையும் ஒளிக்கவில்லை. புதன்கிழமை வாசலில் ஆள் நிற்கும்போது பெட்டிக்குள் காசு வைத்துக்கொண்டு இல்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

தாக்கம் மகன்மீது விழுந்தது. எனக்குத் தந்த காசு என்னால் போய்விட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நித்திரை குறைந்தது. பெப்ரவரியில் பழைய குரல் மறுபடி கேட்கத் தொடங்கியது. இந்த முறை கள்ளன் என்று சொன்னது எங்கள் அமைப்பாம். நல்ல வேளையாக அதை அவரே தங்கச்சியிடம் சொன்னார், தங்கச்சி எனக்கு அழைத்தார். மருந்தின் அளவைக் கூட்டி, கிழமைக்கு இரண்டு தடவை பேசி, மருத்துவமனை வாட்டில் சேர்க்காமலே ஆறு கிழமையில் மீட்டோம்.

இரண்டாம் முயற்சி: 2024

நன்கொடையாளர் காசில் கடன் கட்டக்கூடாது என்பது எங்கள் விதி. கடன் கட்டினால் இன்னொரு கடன் எடுப்பார்கள் என்பது காரணம். மார்ச்சில் எங்கள் அமைப்புக்குள் நல்ல வாக்குவாதமே நடந்தது. நாட்காட்டித் தாளை மேசையில் வைத்தேன். 1,850 ரூபாய்க் கடனில் ஒன்பது தவணை மிச்சம், 16,650 ரூபாய். அதை ஒரேயடியாக முடித்தால் மாதம் 7,400 ரூபாய் வீட்டில் நிற்கும். அந்தத் தொகை மகனுக்கு எந்தக் கடையும் உடனே தரமுடியாத வருமானம். விதிக்கு ஒரு விலக்கு எழுதிக் கட்டினோம்.

வேலையை இந்த முறை நாங்கள் திட்டமிடவில்லை, அவரே சொன்னார். வடைக்கடை தனக்குப் பிடிக்கவே இல்லையாம். முகப்பில் உட்கார்ந்தால் எல்லாரும் பார்க்கிறார்கள். ஒட்டுப்பால் சேர்க்கும் வேலை வேண்டும் என்றார். சிரட்டையிலும் வெட்டிலும் உறைந்து கிடப்பதைப் பிடுங்கிச் சேர்ப்பது. கத்தி வேண்டாம், தனியாகச் செய்யலாம். தோட்டத்துக் கள உத்தியோகத்தர் கிழமையில் மூன்று நாள் கொடுத்துப் பார்க்க ஒத்துக்கொண்டார்.

மேன்முறையீடும் அந்த வருட நடுவில் பலித்தது. வறியவர் பிரிவில் மாதம் 8,500 ரூபாய் தாயின் வங்கிக் கணக்குக்கு வந்தது. 2025 ஜனவரியிலிருந்து 10,000. மகனுக்கு மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்கும் விண்ணப்பித்துப் பெற்றோம்.

பிறகு நடந்தது

2025 நடுப்பகுதியில் நிலை இது. மகன் மாதத்தில் 12 முதல் 14 நாள் வேலைக்குப் போகிறார். 2024 மார்ச்சுக்குப் பிறகு ஒரு கிளினிக் மட்டுமே தவறியது, அதுவும் வெள்ளத்தில் பாதை மூடியதால். குரல் முற்றாகப் போகவில்லை. “இருக்குது, ஆனா தூரத்துல இருக்குது” என்கிறார். உடம்பு ஒன்பது கிலோ கூடியிருக்கிறது. ஒலன்சபினுக்கு இது தெரிந்த விளைவு. சீனியும் கொழுப்பும் பார்க்க இரத்தம் எடுக்கிறார்கள்.

மகளின் கலியாணத்துக்காகத் தாய் 2025இல் புதிதாக ஒரு குழுக்கடன் எடுத்தார். எங்கள் விதியை எழுதியவர்கள் சொன்னது நடந்தது என்று ஒருவர் கூட்டத்தில் சுட்டிக்காட்டினார். உண்மைதான். அதற்குள் மற்ற இரண்டு கடனில் ஒன்று தீர்ந்திருந்தது. கிழமைத் தொகை 4,000இலிருந்து 2,300க்கு வந்திருந்தது. இதுவும் உண்மை.

நாங்கள் எதிர்பாராத ஒன்று 2025 மே மாதத்தில் தெரிந்தது. கிளினிக்கில் தாய் டொக்டரிடம், மகன் வேலைக்கே போவதில்லை, நாள் முழுதும் படுத்திருக்கிறான் என்று சொன்னார். டொக்டர் மருந்தைக் கூட்டப் பேனையை எடுத்துவிட்டார். பக்கத்தில் நின்ற நான் திகைத்துப் போனேன். வெளியே வந்து கேட்டேன். மகனின் மாற்றுத்திறனாளி கொடுப்பனவைத்தான் நினைத்திருக்கிறார். “நல்லா இருக்கான்னு எழுதிட்டா அந்தக் காசை நிப்பாட்டிருவாங்க இல்லையா மிஸ்?”

சுகமாவதற்கு இந்த வீட்டில் ஒரு விலை உண்டு என்பது எங்கள் திட்டத்தின் எந்தப் படிவத்திலும் இல்லை. டொக்டரிடம் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லத் தாயைச் சம்மதிக்க வைக்க அரை மணித்தியாலம் எடுத்தது. மகன்தான் முடித்துவைத்தார். “கூட்டினா என்னால எழும்ப ஏலாதும்மா.”

இனி மாற்றுபவை

முதல் வீட்டுச் சந்திப்பில் நோயைப் பற்றிக் கேட்குமுன் கிழமைக் கணக்கைக் கேட்கிறோம்: யார் என்றைக்கு வேலைக்குப் போகிறார், என்றைக்குக் கடன்காரர் வருகிறார். ஒருவர் கிளினிக்குக்கு இரண்டு முறை வராவிட்டால் நேரில் போகிறோம். “ஒத்துழைப்புப் போதாது” என்ற சொல்லைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டோம்.

கிழமைத் தவணை வருமானத்தில் பாதிக்கு மேல் இருக்கும் வீட்டுக்குத் தொழில் காசு கொடுப்பதில்லை. கடனைத்தான் முதலில் பார்க்கிறோம். கடன் அடைக்கும் விலக்கு இப்போது எழுத்தில் இருக்கிறது, ஒரு வீட்டுக்கு ஒரு தடவை, 20,000 ரூபாய் வரை. இந்தத் தொகை போதுமா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்தில்லை. போதாது என்பதே என் கருத்து.

மொழிபெயர்ப்புக்கு மாதம் ஒரு புதன்கிழமை எங்கள் ஆள் ஒருவர் அந்தக் கிளினிக்கில் உட்காருகிறார். அந்த மருத்துவமனைக்குத் தமிழ் தெரிந்த ஒருவரை நிரந்தரமாகப் போட வேண்டும் என்று இரண்டு கடிதம் எழுதியாயிற்று.

கொடுப்பனவைப் பற்றிச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் நேரே கேட்டோம்: மாதம் 12 நாள் ஒட்டுப்பால் சேர்ப்பவருக்கு அது தொடருமா? மீளாய்வில் பார்ப்போம் என்றார். அந்த மீளாய்வுக்குத் தாயோடு நானும் போகிறேன். மகன் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைய பேர் போனாலும் பரவாயில்லையாம்.